யாரைக் கேட்டு அச்சில் போடுவது?

பிள்ளையார்பட்டி கோயில் வாசலில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்களைப் பற்றி அண்ணன் மகள் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். “சித்தப்பா, பச்சிலை வைத்தியமெல்லாம் சொன்னாங்க. அப்படியே போட்டுடலாமா?” என்றாள்.

நல்ல கேள்வி. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் ஆய்வாளர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதினார்கள்: யோசனை முதல் வெளியீடு வரை எங்களைக் கலந்துதான். அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடி மக்களிடம் நீரிழிவு ஆய்வு என்று எடுத்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போனது. வழக்காகி, 2010-இல் பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம்.

இங்கே அடிக்குறிப்பில் கமா தவறினால் கட்டுரை திரும்பிவரும். சம்மதம் வாங்கினாயா என்று கேட்கப் பெரும்பாலும் ஆளில்லை.

பச்சிலைப் பெயர்களை எடுத்துவிடு, மிச்சத்தை அவர்களுக்குப் படித்துக்காட்டு, அப்புறம் அனுப்பு என்றேன். தாமதமானால் ஆய்வு வழிகாட்டி முகம் சுளிப்பாராம். சுளிக்கட்டும்.