ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு காலைப்பொழுது

சென்னை பீச் ஸ்டேஷனில் வடக்கே போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம், இருந்தாலும் இத்தனை வருஷமாக நான் அங்கே இறங்கியதே இல்லை. போன ஞாயிறு இறங்கிவிட்டேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் ஓடியது. பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியது, ஆனால் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை, இது மட்டும் நிற்கிறது. உயரமான அந்தத் தூண்களின் கீழே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன், மனசு நிறைந்துவிட்டது.

சென்ட்ரல் 1873இல் வந்த பிறகு இதன் மவுசு குறைந்தது, அப்புறம் கட்டடம் பாழடைந்து, 2005இல் புதுப்பித்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு நிஜமாகவே நன்றி.

வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் தண்டவாளங்கள், ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிகள். இந்த ஊரில்தான் மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் பெரிய ஷெட்டும் இருக்கிறது, டெல்லி போகும் வண்டியை இழுக்கிற எஞ்சினில் ராயபுரம் பெயரைப் பார்க்கலாம். நடைமேடையில் இருந்தே பார்த்தேன், தண்டவாளத்தில் இறங்கவில்லை, நீங்களும் இறங்காதீர்கள். இவ்வளவு பழைய ஸ்டேஷனில் அதன் கதையைச் சொல்ல ஒரு சின்ன அருங்காட்சியகமாவது வேண்டும்.