தண்ணீர் தேங்கும் மூலைக்கு ஸ்வாம்ப் மில்க்வீட்

வீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் வந்து விழுகிற மூலை ஒன்று உண்டு. களிமண். ஒரு மழை பெய்தால் ரெண்டு நாளைக்குச் சதசதவென்றே கிடக்கும். லாவெண்டர் உட்பட அங்கே வைத்த மூன்று செடிகள் வேர் அழுகிச் செத்த பிறகுதான் ஸ்வாம்ப் மில்க்வீட் நட்டேன். வட அமெரிக்காவின் சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாகவே வளர்கிற செடி இது, நாலைந்து அடி உயரம் போகும், சாதாரண மில்க்வீட் மாதிரி வேர்விட்டுத் தோட்டம் முழுக்கப் பரவாமல் ஒரே கொத்தாக நிற்கும்.

இலையைக் கிள்ளினால் பால் வரும். நம்ம எருக்குக்குச் சொந்தம்தான். பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள், நடுவில் அதே மாதிரி சின்னக் கிரீடம், நிறம் மட்டும் இளஞ்சிவப்பு, கூடவே வெனிலா மாதிரி மெல்லிய வாசனை. ஊரில் எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும் இல்லையா, அதன் உறவான மோனார்க் வண்ணத்துப்பூச்சி இங்கே இதில் இடுகிறது. இலைக்கு அடியில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெண்மஞ்சளில், ஒன்றே ஒன்று. நாலு நாளில் புழு வந்துவிடும், அப்புறம் ரெண்டு வாரம் தின்பதுதான் அதற்கு வேலை, ஒரு கிளையே மொட்டையானாலும் விட்டுவிடுங்கள், அதற்காகத்தானே நடுகிறோம். தண்டெல்லாம் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பினாலும் மருந்து அடிக்கவே கூடாது. முட்டையோ புழுவோ இல்லை என்று பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். செடியின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதைக்குக் குளிர் வேண்டும். இலையுதிர் காலத்திலேயே வெளியில் தூவிவிடலாம், இல்லையென்றால் ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைத்து வசந்தத்தில் விதைக்கலாம். பூ பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான்.

பொறுமை வேண்டிய இடம் வசந்தம். மற்றதெல்லாம் துளிர்த்த பிறகும் இது மண்ணுக்குள்ளேயே கிடக்கும். முதல் குளிர்காலம் முடிந்து மே மாதமும் வந்தாயிற்று, ஒன்றும் காணோம், பட்டுப்போனது என்று நினைத்து ஒன்றைத் தோண்டிவிட்டேன். வெள்ளை வெளேரென்று வேர்க்கொத்து, அதன் தலையில் மூன்று முளை. மனசே கலங்கிவிட்டது. அப்படியே திரும்ப வைத்து மண்ணை அணைத்துத் தண்ணீர் ஊற்றினேன், பிழைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் காய்ந்த தண்டை வெட்டும்போது ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுகிறேன், வசந்தத்தில் இடம் தெரிய வேண்டுமே.