மாதவி ஆடவில்லை

சிலப்பதிகாரத்துக் கண்ணகி, மாதவி இருவரையும் மட்டும் மையமாக வைத்து முக்கால் மணி நேர நாடகம் போடுவதென்று முடிவானபோது, ஆள் தேர்வு எனக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. குழுவில் தலை நிமிராத, அதிகம் பேசாத பெண் ஒருவர் இருந்தார். அவர் கண்ணகி. பத்து வருடம் பரதம் ஆடியவர் மாதவி. ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

மூன்றாவது ஒத்திகையில் இடித்தது. மதுரைக் காட்சியில் அல்ல. அங்கே கத்தினாலே பாதி வந்துவிடும். சிக்கல் புகார் நகரக் காட்சியில். கோவலன் திரும்பி வந்து, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். முகத்தில் சிரிப்போடு சொன்னாள் என்கிறார் இளங்கோ. எங்கள் கண்ணகிக்கோ அந்த இடம் வந்தாலே அழுகை. அழாமல் சொல்லுங்கள் என்றால் குரலே எழும்பாது.

ஒருநாள் அவர் வரவில்லை. பரதக்காரரை வாசிக்கச் சொன்னேன். பால்காரருக்குச் சில்லறை எடுத்துக் கொடுப்பதுபோல, லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கோவலனாக நின்ற தம்பிக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. கண்ணகி பாதி நாடகம் சும்மா நிற்கிறாள். அப்படி நிற்க உடம்பு கையில் இருக்க வேண்டும். அடக்கமான பெண்ணைத் தேடியதுதான் என் தப்பு.

சரி, மாற்றினேன். இருவருக்குமே வருத்தம். “பத்து வருஷம் ஆடினவளை நிக்க வைக்கிறீங்களேக்கா” என்றார் ஒருவர். “எனக்கு ஆடவே வராதே” என்றார் மற்றவர். அதனால் மாதவியின் ஆட்டத்தையே எடுத்துவிட்டேன். அரங்கேற்றத்துக்குத் திரைக்குப் பின்னால் மிருதங்கம். மேடையில் அவர் கையில் தலைக்கோல், ஆடலில் சிறந்தவளுக்கு அரசன் தரும் கோல். பரிசு 1008 கழஞ்சுப் பொன் என்று ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான். மாதவி ஆடாவிட்டால் எதற்கு மாதவி என்று குழுவிலேயே சண்டை. நியாயமான கேள்விதான்.

மிச்சமான நேரத்தை மாதவி கோவலனுக்கு எழுதும் கடிதங்களுக்குக் கொடுத்தேன். முதல் கடிதத்தைக் கோவலன் வாங்கவே மறுக்கிறான். கோசிகன் என்ற அந்தணன் மதுரை போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுக்கும் இரண்டாவதில், நான் என்ன பிழை செய்தேன் என்று தெரியவில்லையே என்கிறாள். எவ்வளவு விளக்கியும் அந்த வரி பாட்டாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு அவரே சொன்னார்: “ஆபீஸ்ல மெமோவுக்குப் பதில் எழுதற மாதிரி இருக்குக்கா. என்ன தப்புன்னு சொல்லாமலே விளக்கம் கேக்கிற மெமோ.” அப்படியே சொல்லுங்கள் என்றேன். அதற்கப்புறம் அந்தக் காட்சியில் நான் கை வைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் இந்த இருவரும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. கடைசியில் ஒரு சந்திப்பு வைக்கலாமே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் விடவில்லை. இருவரும் மேடையில் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

சிலம்புதான் படுத்தியது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது உடையாமல் உருண்டு ஓடியது. கடைசியில் சுடாத களிமண், மேலே தங்கப் பெயின்ட், உள்ளே மாணிக்கத்துக்குச் சிவப்புக் கண்ணாடிக் கற்கள். நாடகத்தன்று சிலம்பு உடைந்ததும் ஒரு கல் உருண்டு, இருட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதவியின் காலடியில் நின்றது. அவர் குனிந்து பார்த்தார்; எடுக்கவில்லை.

“எடுத்திருக்கலாமாக்கா?” என்று இறங்கியதும் கேட்டார். கூடாது என்றேன். அடுத்த மேடையில் பெஞ்சை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டோம்.