கிருமி விடும் குமிழ்கள்

பாக்டீரியாவின் வெளிச்சவ்வு ஓரிடத்தில் புடைத்து, மொட்டுப்போல் திரண்டு, கழுத்து இறுகிப் பிரிந்து, தனிக் குமிழாக மிதந்து செல்கிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 20 முதல் 250 நானோமீட்டர்தான். 1967இல் கல்கத்தாவில் எஸ்.என். சாட்டர்ஜியும் ஜே. தாஸும் காலராக் கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இதைப் பதிவு செய்தார்கள் என்பதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

இக்குமிழ்கள் வெறும் கழிவல்ல. நச்சுப்புரதங்களைச் சிதையாமல் பொதிந்து நம் செல்களுக்குள் சேர்க்கின்றன. கிருமியைத் தாக்க நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்களைத் தம்மீது ஈர்த்துக்கொண்டு தாய்க்கிருமியைத் தப்பவிடுகின்றன. மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியின் தொற்றில், குருதியில் பெருகும் குமிழ்கள் சுமக்கும் எண்டோடாக்சின் என்ற வெளிச்சவ்வு நச்சு, சில மணி நேரத்தில் ஒரு குழந்தையைக் குருதியழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலைக்குத் தள்ளிவிடக்கூடியது.

அதே குமிழ்தான் தடுப்பூசியும் ஆனது. பி வகை மெனிஞ்சோகாக்கஸின் சர்க்கரை உறை நம் நரம்புத் திசுவின் சர்க்கரையை ஒத்திருப்பதால், அந்த உறையைக் கொண்டு ஊசி செய்வது கைகூடவில்லை. ஆகவே நியூசிலாந்து, தன் மண்ணில் பரவிய கிருமியின் குமிழ்களை எடுத்து, எண்டோடாக்சினைப் பெருமளவு நீக்கி, 2004 முதல் 20 வயதுக்கு உட்பட்டோருக்குப் போட்டது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே, நெருங்கிய உறவுக் கிருமியால் வரும் கொனோரியா என்னும் பாலியல் நோயும் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்திருந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறிய எண் என்று சிலர் ஒதுக்கலாம். மருந்துகளுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கும் நோய்க்கு இது பெரிது என்பதே என் கருத்து. அதே நியூசிலாந்துக் குமிழ்களையும் உள்ளடக்கிய ஊசியை இங்கிலாந்து 2025 ஆகஸ்டில் கொனோரியாவுக்காகவே போடத் தொடங்கியது.