கல்லுக்குள் கண் விழித்தவன்: நாவல் நாட்குறிப்பு

மே 3, தருமபுரி

ஏழாவது அத்தியாயம் ஒருவழியாக முடிந்தது. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்துப்போன நம் ஆள் நடுகல்லுக்குள் கண் விழிக்கிற இடம். இந்த நாவலில் மாயம் என்று இருப்பது ஒரே ஒரு விதிதான்: கல்லில் என்ன வெட்டியிருக்கிறதோ அது மட்டும்தான் செத்தவனுக்கு நினைவிருக்கும். அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், யாருடைய சேவகன், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்கிற செய்தி. அவ்வளவுதான். பெண்டாட்டி பெயர் தெரியாது, எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினான் என்று தெரியாது. விதியாகச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எழுத உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது, நினைவே இல்லாத ஒருவனை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம்தான் ஓட்டுவது? கடைசியில், கல்லைக் கடந்து போகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவனே தன்னை ஒட்டுப்போட்டுச் சேர்த்துக்கொள்கிறான் என்று வைத்துவிட்டேன். ஊர் பேசுவதில் பாதி பொய், அதுவும் சேர்ந்துகொள்ளும்.

படிப்பது: நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' (1972). கதைப் புத்தகம் இல்லை, கல்வெட்டுப் பாடங்கள்தான். ஆனால் எடுத்தனூர்க் கல்லுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய், அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் போட்டுக் கல்!

அப்படியென்றால் என் விதிப்படி நாயும் விழிக்க வேண்டும்.

மே 5

நண்பனிடம் நாய் யோசனையைச் சொன்னேன். எப்போதும் முதல் வரைவைப் படிப்பவன், மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு "தூக்கம் வருதுடா" என்று மட்டும் சொன்னவன். இப்போது, "நாய் இருந்தா சரி, அதை ரெண்டாவது தடவை சாகடிச்சே, மவனே உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்" என்கிறான். சரி, நாய் பிழைக்கும். ஏற்கெனவே செத்த நாய் பிழைக்கும் என்று எழுதுகிற சுகம் இந்த வகைக் கதையில்தான் கிடைக்கும்.

மே 11

காலையில் அகழ்வைப்பகம் போய் நடுகற்களை இன்னொரு முறை பார்த்தேன். புத்தகத்தில் படம் பார்ப்பது வேறு, நேரில் அந்த வில்லின் வளைவையும் உடம்பில் தைத்த அம்பையும் பார்ப்பது வேறு. வரைந்துகொண்டேன்.

மதியம் பென்னாகரம் பக்கம் மாமா வீடு. களியும் கீரைக் கடைசலும். சாப்பிட்டபின் கொல்லைமேட்டில் புளியமரத்தடிக் கல்லைப் பார்க்கப் போனோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எண்ணெய் ஏறி ஏறி எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. இது எந்த ராஜா காலம், யார் சண்டை என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே விரலால் தடவ, மாமா கையைத் தட்டிவிட்டார். "டேய், அவரு வேடியப்பன்டா. சாமியைப் போயி யார் வூட்டுப் பையன்னு கேப்பியா?"

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இதே யோசனைதான். நம் மாவட்டத்தில் எத்தனை வேடியப்பன்கள், அந்தப் பெயரில் எத்தனை ஆட்கள்! ஒவ்வொரு கல்லுக்கும் முதலில் வேறு ஒரு பெயர் இருந்திருக்கும், வேறு ஒரு வீடு இருந்திருக்கும். என் ஆளுக்கும் இப்படித்தான் ஆகப்போகிறது. எழுத்து தேயத் தேய அவன் தன்னை மறக்கிறான், அதே வேகத்தில் ஊர் அவனைச் சாமியாக்குகிறது. சாமியாவதை அவன் எதிர்க்கிறான். நாவலின் நடுப்பகுதிக்கு என்னிடம் இல்லாத சண்டை இதுதான். மாமாவுக்கு ஒரு பிரதி தரவேண்டும், படிக்கமாட்டார்.

மே 19

உர்சுலா லெ குவினின் எர்த்சீ முதல் நாவலை (1968) மறுபடி படித்து முடித்தேன். அங்கே ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன்மேல் அதிகாரம் வந்துவிடும், அதனால் ஆட்கள் தங்கள் பெயரைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள். என் உலகத்தில் நேர்மாறு. பெயர் வெளியே எல்லோரும் பார்க்கக் கல்லில் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆளே இல்லை. அப்போது அதிகாரம் யார் கையில்? உளி பிடித்தவள் கையில். (கல்தச்சர் பெண் என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிட்டேன், அது மாறாது.)

சடங்கு எப்படி என்பதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலே போதும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தி முடிக்கவேண்டும். இளங்கோ வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்கு இந்தப் பெயர்களில் பலவற்றை வைத்துவிட்டார், ஆக நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. ஆனால் ஆறில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது என் வேலை. நீராட்டாமல் நட்ட கல்லுக்குள் இருப்பவனுக்குக் கடைசி வலி போகவே போகாது. எட்டாம் அத்தியாயம் அதுதான்.

மே 22

எழுதவில்லை. செந்தூரா மாம்பழம் ஒரு கூடை வந்தது.

மே 28

போர் அத்தியாயத்துக்காகப் புறநானூற்றில் தகடூர்ப் (நம் தருமபுரியின் பழைய பெயர்) பாட்டுகளைத் தேடிப்போய், ராத்திரி வெகுநேரம் அங்கேயே கிடந்தேன். 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்கவில்லை, உரைகளிலும் புறத்திரட்டிலும் ஒட்டிக்கொண்டு தப்பிய சில பாட்டுகள்தான். ஒரு போரைப் பற்றிய நூலே போரில் அடிபட்டது மாதிரி இருக்கிறது.

ஔவையார் அதியமானுக்கு அழுத பாட்டு (232) பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்: மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இப்போது நடுகல்லில் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளையா வாங்கிக்கொள்வான்? சரி, அது நட்பு. என்னை உலுக்கியது 230. பாடியவர் அரிசில் கிழார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடி, ஒன்பது நூறாயிரம் காணத்தோடு (பொற்காசு) பரிசாக நீட்டிய சிம்மாசனத்தை வேண்டாம் என்று சொல்லி அமைச்சராக இருந்தவர், அதாவது ஜெயித்த கட்சி ஆள். அவர்தான் தகடூரில் விழுந்த, தோற்ற அதியமான் பக்கத்து எழினிக்கும் பாடுகிறார். கன்றோடு மாடுகள் காட்டில் பயமில்லாமல் தங்கின, வழிப்போக்கன் நினைத்த இடத்தில் படுத்தான், களத்து நெல் காவலில்லாமல் கிடந்தது, அப்படி ஊரைக் காத்தவனைக் கொண்டுபோய்விட்டாயே என்று கூற்றுவனைப் பிடித்து உலுக்குகிறார். நொடித்துப்போன குடியானவன் விதைநெல்லைத் தின்ற மாதிரி செய்துவிட்டாயே என்கிறார்.

இதைப் படித்தபின் என் வில்லன் பக்கத்துப் புலவர் வெறும் துதிபாடியாக இருக்க முடியாது. அவரை வைத்து எழுதிய நக்கல் காட்சி நன்றாக வந்திருந்தது, நாலைந்து இடத்தில் எனக்கே சிரிப்பு வரும், இருந்தாலும் வெட்டிவிட்டேன்.

ஜூன் 4

இப்போது முடிச்சு கிடைத்துவிட்டது. ஜெயித்த அரசன் கல்தச்சியிடம் வந்து, தோற்றவனின் கல்லில் 'தொறு கவர வந்தவன்' என்று வெட்டச் சொல்கிறான். அப்படி வெட்டினால் நம் ஆள் தன்னைக் கள்ளன் என்றே நம்புவான். மறுத்தால் அவள் தலை போகும். என்ன வெட்டவேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தருவது எதிரி அரசவைப் புலவர்தான். அவர் ஏன் அதைச் செய்கிறார் என்பதற்குக் காரணம் எழுதப்போவதில்லை, எழுதினால் கெட்டுவிடும்.

நண்பன் வரைபடம் கேட்கிறான். ஃபேன்டசி என்றால் முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கணுமாம். தென்பெண்ணை, தொப்பூர்க் கணவாய், தீர்த்தமலை, காவிரி இறங்குகிற ஒகேனக்கல் எல்லாவற்றையும் வேறு பெயரில் போட்டுத்தர அவனுக்கே வேலை கொடுத்திருக்கிறேன். நாய் எந்த ஊர் என்று கேட்டான். எடுத்தனூர் திருவண்ணாமலை மாவட்டம், எல்லை தாண்டி வந்த நாய் என்று எழுதிக்கொள் என்றேன்.

ஒன்பதாம் அத்தியாயம் நாளை. முதலில் நாய் பேசும்.