வீட்ல இருந்தே தையல், சேலை வியாபாரம் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டி எப்போ வேணும்?

"ஜிஎஸ்டி நம்பர் எடுக்காம விக்கலாமா, எதுவும் பிரச்சனை ஆயிடுமா?" வீட்ல ஆரி வொர்க், தையல், சேலை வியாபாரம்னு பண்ற அக்காங்க பல பேரு என்கிட்ட கேக்குறது இதான். விக்கலாம்க்கா, தாராளமா.

தனி ஆளா தொழில் பண்ணா அதுக்குனு தனி பான் கார்டே கிடையாது. உங்க பான்தான் கடைக்கும், கடை லாபம் உங்க வருமானம், கடை கடனும் உங்க தலையிலதான். கடைக்கு ஆதாரம் வேணும்னா உத்யம் பதிவு இருக்கு, சிறு தொழிலுக்குனு மத்திய அரசு தர்ற பதிவு, 2020 ஜூலைல இருந்து ஆதாரும் பானும் வச்சு ஆன்லைன்ல நாமளே பண்ணிக்கலாம், ஒரு பைசா கிடையாது. கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்குற தனியார் சைட்ல போய் ஆயிரம் ரெண்டாயிரம் கட்டுறவங்களப் பாத்தா மனசு அடிச்சுக்குது, தயவுசெஞ்சு அட்ரஸ்ல gov.in-க்கு பதிலா வேற ஏதாவது இருந்தா வெளிய வந்துடுங்க.

இப்போ ஜிஎஸ்டி. சரக்கு மட்டும் விக்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் தேவையில்ல, சர்வீஸ்னா 20 லட்சம், இது லாபக் கணக்கு இல்ல, மொத்த விற்பனை. சேலையும் வித்து தையல் கூலியும் வாங்குறீங்கன்னா 40 செல்லாது, ரெண்டும் சேத்து 20தான், இத நிறைய பேரு கவனிக்கிறதில்ல. அதவிட முக்கியம், இன்ஸ்டால ஆர்டர் எடுத்து பெங்களூருக்கு ஒரு சேலை கொரியர் பண்ணாலும் அது வெளிமாநில விற்பனை, அதுக்கு இந்த 40, 20 லட்சம் சலுகை எதுவும் கிடையாது, ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணிட்டுத்தான் அனுப்பணும். ஆனா சும்மா கௌரவத்துக்குனு எடுத்து வைக்காதீங்க, எடுத்துட்டா வியாபாரமே நடக்கலன்னாலும் நில் ரிட்டர்ன், அதாவது விற்பனை ஒண்ணும் இல்லனு கணக்கு போடணும், லேட் ஆனா நாளுக்கு 20 ரூபா லேட் ஃபீ விழும்.

ஜிஎஸ்டி இல்லன்னா இன்கம் டேக்ஸும் இல்லனு சிலர் விட்டுடுறாங்க, அது வேற இது வேற. இன்கம் டேக்ஸோட புது வரி முறைல (நியூ ரெஜிம்) வருமானம் 12 லட்சம் வரை வரி வராது, ஆனா 4 லட்சம் தாண்டுனா ரிட்டர்ன் போட்டே ஆகணும். லெட்ஜர்லாம் எழுத முடியாதுன்னா, ஜிபே, பேங்க் வழியா வந்த விற்பனைல 6 சதவீதம், கேஷ்ல வந்ததுல 8 சதவீதம் லாபம்னு காட்டலாம், நிஜ லாபம் அதுக்கு மேலன்னா அதத்தான் காட்டணும். நாளைக்கு மிஷின் வாங்க லோனுக்குப் போனா பேங்க்ல முதல்ல கேக்குறதே இந்த ரிட்டர்னத்தான், அதனால வருமானம் கம்மியா இருந்தாலும் இந்த வருஷத்துல இருந்தே போட ஆரம்பிச்சுடுங்க.