ஃப்ரீமேசன்களுடன் பேசியவை: ஜூன் மாத நாட்குறிப்பு

9 ஜூன் 2024, ஞாயிறு

ஃப்ரீமேசன்கள் என்போர் சடங்குகளும் இரகசியக் குறிகளும் கொண்ட பழைய சகோதரச் சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள். பல ஆண்டுகளாக அவர்களது எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குச் சென்று வரும் உறுப்பினரான ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அவர் வீட்டில் சந்தித்தேன். சங்கத்தில் சேர்ந்த நாளைப் பற்றிக் கேட்டதும், புதிதாக வருபவரிடமிருந்து கைக்கடிகாரம், மோதிரம், பணம் அனைத்தையும் முன்பே வாங்கி வைத்துவிட்டு, சடங்கின் நடுவே, ஏழைகளுக்கு ஏதேனும் கொடுக்குமாறு எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் கேட்பார்கள் என்றார். "கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று, ஒன்றும் இல்லை. கொடுக்க மனமிருந்தும் இல்லாதவன் எப்படிக் கூசி நிற்பான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்" என்று சொன்னபோது அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது.

இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று கேட்டேன். ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் குறிகளையும் சொற்களையும்தான் மறைப்பதாக உறுதி அளித்திருப்பதாகவும், மற்றவை என்றோ அச்சில் வந்துவிட்டதாகவும் விளக்கினார். உறுப்பினருக்கான மூன்று நிலைகளில் மூன்றாவதை அடைந்தபோது அணிந்த ஏப்ரனை எடுத்து விரித்துக் காட்டினார். வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல். ஓரத்தில் வெளிர்நீலப் பட்டை. மடிப்பு விழுந்த இடம் மட்டும் பழுப்பேறியிருந்தது. முதல் நிலையில் இருப்பவருக்கு எந்த அலங்காரமும் இல்லாத வெறும் வெள்ளைதான்.

15 ஜூன், சனி

இன்று பேசிய உறுப்பினர் இளைஞர், மென்பொருள் துறையில் பணி. மேடையில் கீதை, குர்ஆன், பைபிள் என்று பல மறைநூல்கள் இருக்க, அவரவர் தமக்குரிய நூலின்மீது உறுதி எடுப்பதும், கூட்டத்தில் அரசியலும் மத வாதமும் கூடாது என்னும் விதியும்தான் தம்மை ஈர்த்தவை என்றார். கடினமானது மனப்பாடம். பக்கம் பக்கமான ஆங்கிலச் சடங்கு வசனத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும்; இரவுப் பணி முடித்து வருபவரால் அது எளிதில் ஆவதில்லை. சுருக்கிவிடலாமே என்றேன். கூடாது என்று உடனே மறுத்தார். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்த மாலைகளில்தான் அவர்களுக்குள் நட்பு வளர்ந்ததாம்.

24 ஜூன், திங்கள்

1717இல் இதே நாளில்தான் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் (உறுப்பினர்கள் கூடும் கிளைச் சங்கங்கள்) கூடி, அவற்றுக்கு மேலான தலைமை அமைப்பாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது மரபான வரலாறு. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் இந்தச் சங்கம் சென்னைக்கு வந்துவிட்டது. 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா உறுப்பினரானார். 1961இல் இந்தியாவுக்கெனத் தனி கிராண்ட் லாட்ஜ் உருவானபோது, சில பழைய லாட்ஜ்கள் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜின் கீழேயே தொடர்ந்தன.

மாலையில் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்து எதிர்காலம் பற்றிக் கேட்டேன். யாரையும் வற்புறுத்தி அழைக்க மாட்டோம், தாமே விரும்பிக் கேட்டு வருபவரைத்தான் சேர்ப்போம் என்ற மரபை அவர் பெருமையாகச் சொன்னார். அந்த மரபில் உள்ள கண்ணியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எத்திராஜ் சாலையில் அந்த ஃப்ரீமேசன்ஸ் ஹால் கட்டடத்தைத் தினமும் கடந்து செல்வோருக்கு உள்ளே நடப்பது என்னவென்றே தெரியாதபோது, யார் போய்க் கேட்பார்கள்? பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை; இங்கிலாந்தில் பெண்களுக்கான தனி அமைப்புகள் நூறாண்டுக்கும் மேலாக இயங்குகின்றன. இரண்டையும் தயங்காமல் சொன்னேன். மறைக்கத் தேவையில்லாதவற்றையாவது பொதுமக்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லலாம் என்பதை ஒப்புக்கொண்டார். பெண்களைப் பற்றிய கேள்விக்கு, தம் வாழ்நாளில் அது நடக்காது என்று மட்டும் பதில் சொன்னார்.